மேடைக் குத்தும் திரைக் குத்தும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பால பண்டிதர் வகுப்பிற் படிக்கும் மாணாக்கன் ஒருவனுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். இரவலாகக் கொடுத்த உரைநூலொன்றைத் திரும்பப் பெறுதலே என் நோக்கம். நூல் மேசையின் ஓரத்திலே கவிழ்ந்து கிடந்தது. மாணாக்கனோ தமையனுடைய கணினியின் முன் அமர்ந்து, சிறு கருவியொன்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, விரல்களாற் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தான். திரையிலே கையுறை தரித்த இருவர் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவரின் முகத்தை உடனே இனங்கண்டேன். என் தந்தையார் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்துத் தமது பெட்டிக்குள் வைத்திருந்த படம் அந்த முகத்தின் படமே.

"இது முகம்மது அலி அல்லவா?" என்றேன்.

"ஓம் ஐயா. மற்றவர் ஜோ பிறேசியர். அலிக்கு இண்டைக்குச் சரிவராது போலை இருக்கு. என்ரை விரல் பிந்துது."

1971ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள் நியூயோர்க் நகரிலும் அலிக்குச் சரிவரவில்லை. பதினைந்து சுற்றுப் பொருது பிறேசியரிடம் தோற்றார். 1974இலும் 1975இலும் அலி வென்றார். பிறேசியர் 2011இலும் அலி 2016இலும் காலமாயினர். திரையிலே இருவர்க்கும் சாவு இல்லை, மூப்பும் இல்லை. இருபத்தைந்து வயதைக் கடவாத இளைஞனொருவனின் பெருவிரலுக்கு இருவரும் பணிந்து ஆடுகின்றனர்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆயினும் அந்தக் காட்சி என்னை விடவில்லை. 'பண்டிதருக்குக் குத்துச்சண்டையில் என்ன வேலை?' என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்க ஒன்றுமில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள. அது மற்போர், பற்றியும் வளைத்தும் வீழ்த்துவது. இது குத்து, கையின் முட்டியால் மூளையை அசைப்பது. இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒரு பொதுமை உண்டு. பொருத மகனைப் பாடும் புலவர், அதனைக் காணவேண்டிய தந்தையையும் நினைக்கின்றார். பொருவோன் ஒருவன், காண்போன் வேறொருவன் என்ற பகுப்பு அன்று தொட்டு இருந்தது. அந்தப் பகுப்புத்தான் இன்று குலைகின்றது. காண்போனே பொருவோனாகிவிட்டான், அவன் மெய்யில் மாத்திரம் ஒரு கீறலும் விழுவதில்லை.

இந்தக் கலப்பு எப்பொழுது தொடங்கிற்று என்று தேடிப் பார்த்தேன். வீடியோ விளையாட்டு என்ற பெயரே வழங்காத காலத்தில், 1967இலேயே, அதன் வித்து ஊன்றப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலே மரே வொரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர் ஒரு யோசனை செய்தார். வெவ்வேறு காலத்துப் பெருவீரர்களின் வலிமை, வேகம், பழக்கவழக்கம் என்பவற்றை எண்களாக்கி ஒரு கணினிக்குக் கொடுத்தல். அது சொல்லும் முடிவை நேர்முக வருணனை போல வானொலியில் ஒலிபரப்புதல். கற்பனைப் போட்டி நடந்தது. அதிலே பழைய காலத்து ஜிம் ஜெபிறீஸ் என்பவரிடம் அலி தோற்றதாகக் கணினி கூறிற்று. அலி சும்மா இருப்பாரா? தம்முடைய பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென்று பத்து இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

அந்நாளில் அலியின் நிலை பரிதாபமானது. வியட்நாம் யுத்தத்துக்குச் செல்ல மறுத்தமையால் 1967இற் பட்டம் பறிக்கப்பட்டது. மேடையேற அனுமதியும் இல்லை. மெய்யான மேடை மூடப்பட்டவருக்குப் பொய்யான மேடையொன்று திறந்தது. வழக்குச் சமரசமாயிற்று. 1969இல் மியாமி நகரிலே ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் அலியும், ஒருமுறையேனும் தோற்காமல் 49 வெற்றியோடு ஓய்வுபெற்ற ரொக்கி மார்சியானோவும், பல சுற்றுகள் பொருவதாக நடித்தனர். அலிக்கு வயது 27, மார்சியானோவுக்கு 45. மார்சியானோ உடம்பை இளைக்கச் செய்து, வழுக்கையை மறைக்கப் பொய்ம்மயிரும் தரித்துக்கொண்டார். முடிவு எதுவென்று இருவர்க்கும் சொல்லப்படவில்லை. பல முடிவுகள் படமாக்கப்பட்டன. கணினி சொல்லும் முடிவே இறுதியிற் காட்டப்படும் என்பது ஏற்பாடு. படம் வெளிவருமுன்னர், 1969 ஓகஸ்ட் 31ஆம் நாள், தமது நாற்பத்தாறாவது பிறந்தநாளுக்கு முந்திய நாளில், மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரி 20ஆம் நாள் திரையரங்குகளிலே பதின்மூன்றாம் சுற்றில் அவர் அலியை வீழ்த்தியதை அமெரிக்க மக்கள் கண்டனர். ஐரோப்பாவிற் காட்டிய பிரதியில் அலி வென்றார்! சந்தைக்கு ஒரு முடிவு. சத்தியத்துக்கு முடிவே இல்லை.

இந்த வரலாற்றை ஏன் இத்துணை விரித்தேன் என்றால், பின்வந்த ஐம்பத்தைந்து ஆண்டுக் கதை முழுவதும் இதற்குள் அடங்கிக் கிடக்கின்றது. வீரனுடைய உடம்பு வேறு, பெயர் வேறு என்று பிரித்துவிடலாம். பிரித்த பெயரை விலை பேசலாம். உடம்பு மேடைக்கு வர இயலாதபோதும், மண்ணுக்குள் சென்ற பின்னரும், பெயர் உழைக்கும். இந்த மூன்றும் அன்றே வெளியாயின.

பின்னர் வந்த இயந்திரங்களை விரைந்து கடந்து செல்லலாம். 1976இல் யப்பானின் சேகா கொம்பனி, கையுறை வடிவமான பிடிகளைப் பற்றிக் குத்தும் ஒரு கறுப்பு-வெள்ளை இயந்திரத்தைச் செய்தது. 1980இல் அக்ரிவிஷன் என்ற கொம்பனி வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடத்தக்க ஒன்றை வெளியிட்டது. மேலிருந்து பார்த்தால் நண்டுகள் இரண்டு முட்டிக்கொள்வது போன்ற தோற்றம். நூறு குத்து எண்ணம் பெற்றவன் வென்றான். இவற்றிலே எந்த வீரனுடைய பெயரும் இல்லை. பெயர் நுழைந்த கதைதான் சுவையானது.

1986 நவம்பர் 22ஆம் நாள், இருபது வயதும் நான்கு மாதமும் நிரம்பிய மைக் ரைசன் அதிபார நிறையிலே உலகப் பட்டம் வென்றார். அதுவரை அத்துணை இளவயதில் எவரும் அப்பட்டத்தைப் பெற்றிலர். நின்ரெண்டோ கொம்பனியின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராயிருந்த மினொரு அரக்காவா, ரைசன் பட்டம் பெறுமுன்னரே அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்து, அவர் பெயருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். மூன்று ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் டொலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. 1987இல் ரைசனின் பெயர் தாங்கிய 'பஞ்ச்-அவுட்' வெளிவந்தது. அதிலே இறுதி எதிரி ரைசன். விளையாட்டுக் கடிகாரத்தின் முதல் 90 வினாடிக்குள் அவருடைய குத்து ஒன்று பட்டாலே போதும், ஆடுபவன் தரையில். அடுத்த ஆண்டு, 1988 யூன் 27இல், மெய்யான ரைசன் மைக்கேல் ஸ்பிங்ஸ் என்பவரை 91 வினாடியில் வீழ்த்தி, அந்த ஓர் இரவுக்கே சுமார் இரண்டு கோடி டொலர் பெற்றார். கவியை வாழ்க்கை பின்பற்றும் என்பார்கள். இங்கே இயந்திரத்தை வாழ்க்கை ஒரு வினாடி பிந்திப் பின்பற்றியது!

1990 பெப்ருவரி 11இல் ரோக்கியோவில், எவரும் எதிர்பாராத வகையில், பஸ்ரர் டக்ளஸ் என்பவரிடம் ரைசன் தோற்றார். அவ்வாண்டே ஒப்பந்தக் காலமும் முடிந்தது. நின்ரெண்டோ அதனைப் புதுப்பிக்கவில்லை. ரைசனின் முகத்தை அழித்து, 'கனவு' என்று பொருள்படும் பெயருடைய கற்பனை வீரனொருவனை அந்த இடத்தில் வைத்தது. உடம்பு அதே உடம்பு, அசைவும் அதே, தலை மாத்திரம் வேறு. ரைசன் பாலியல் வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றதனாலேயே பெயர் நீக்கப்பட்டதென்று பலர் நம்புகின்றனர். அது தவறு. தீர்ப்பு வந்தது 1992இல். பெயர் போனது 1990இல். அறம் நீக்கிய பெயரன்று அது; கணக்கு நீக்கிய பெயர்.

அதே 1990இல், முன்னரே வேறு பெயரில் வெளிவந்திருந்த யப்பானிய விளையாட்டொன்றை எடுத்து, வென்ற டக்ளஸின் பெயரை ஒட்டிச் சேகா விற்றது. பெயர் ஒட்டிய பசை காயுமுன்னரே, ஒக்டோபர் 25இல், மூன்றாம் சுற்றில் இவாண்டர் ஹொலிபீல்ட் டக்ளஸை வீழ்த்தினார். 1992இல் ஹொலிபீல்டின் பெயரால் ஒன்று வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் றிடிக் போவிடம் தோற்றார். 1993இற் போவின் பெயரால் ஒன்று வந்தது; அவ்வாண்டு நவம்பரில் அவர் ஹொலிபீல்டிடம் தோற்றார். குடுகுடுப்பைக்காரனுடைய வாக்குப் போல, எவன் பெயரை விளையாட்டுக்கு இட்டார்களோ அவன் பட்டம் பறந்தது. உண்மையில் மாயம் ஒன்றுமில்லை. நிரல் எழுதும் வேலைக்கு மாதங்கள் செல்லும். குத்துச்சண்டையிற் பட்டம் கைமாற ஒரு குத்துப் போதும்.

இடையில் ஒரு சிறு செய்தி. சொல்லாமல் விட மனம் இல்லை. மேடையிலே வீரரை அறிமுகம் செய்யும் மைக்கேல் பஃபர் என்பவர், 'மோதலுக்கு ஆயத்தமாவோம்' என்ற பொருளுடைய ஒரே ஒரு வாக்கியத்தைத் தமது வாணிக உரிமையாகப் பதிவு செய்து வைத்திருக்கின்றார். 1999இல் வந்த ஒரு குத்துச்சண்டை விளையாட்டுக்கு அந்த வாக்கியமே பெயராகவும் அவர் குரலே ஓசையாகவும் அமைந்தன. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை பொன்! நாற்பது பாட்டுப் பாடி ஒரு யானைக்கு ஏங்கிய நம் புலவர்கள் இதனைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

எலெக்ற்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெருங்கொம்பனி 1998 முதல் ஒரு வரிசையும், 2004 முதல் 'பைற் நைற்' என்ற மற்றொரு வரிசையும் வெளியிட்டு வந்தது. பிந்தியதன் புதுமை, பொத்தானை அமுக்குவதை விடுத்துச் சிறு கோலை வளைத்துக் குத்தைத் தோற்றுவித்தல். கொக்கிக் குத்துக்குக் கோலும் கொக்கி போல வளைய வேண்டும். அபிநயம் என்றே இதனைச் சொல்லலாம். 2011இல் அந்த வரிசையின் இறுதி நூல்… பிழை. இறுதி விளையாட்டு வந்தது. அதன்பின் பெரிய குத்துச்சண்டை விளையாட்டு எதுவும் பல்லாண்டுகள் வரவில்லை. வெற்றிடத்தை நிரப்பியவர் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தார். ஹபீப் சகோதரர்கள் 2020இல் தொடங்கிய சிறு நிறுவனம், 'அன்டிஸ்பியூற்றட்' என்ற விளையாட்டை 2023 ஜனவரியில் முற்பிரதியாகவும், 2024 ஒக்டோபரில் முழுமையாகவும் வெளியிட்டது. 'எதிர்ப்பாரற்றவன்' என்பது அப்பெயரின் கருத்து. எழுபதுக்கு மேற்பட்ட மெய்யான வீரர்கள் அதில் உளர். கேற்றி ரெய்லர், கிளறெஸா ஷீல்ட்ஸ் முதலான பெண் வீரரும் உளர். என் மாணாக்கன் ஆடியது இதுவே.

பதின்மூன்று ஆண்டு ஏன் வெற்றிடம்? இங்கேதான் விளையாட்டுக்கும் தொழிலுக்கும் உள்ள உண்மைத் தொடர்பு வெளிப்படுகின்றது. உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் சங்கங்கள் உண்டு. ஒரு வாசலிற் பேசினாற் பல வீரர்களின் பெயரைப் பெறலாம். குத்துச்சண்டைக்கு ஒரு வாசல் இல்லை. உலகப் பட்டம் வழங்கும் பெருஞ்சபைகளே நான்கு. அவற்றுக்கு வெளியே போட்டி ஏற்பாட்டாளர், முகாமையாளர், தொலைக்காட்சி நிலையங்கள். இறந்த வீரர்களானால் அவர்களின் பெயரை விலைக்கு வாங்கிய வணிக நிறுவனங்கள். அலியின் பெயர், உருவம் என்பவற்றில் எண்பது வீத உரிமையை 2006இல் ஒரு கொம்பனி ஐந்து கோடி டொலருக்கு வாங்கியது. 1984இல் நடுக்கு வாத நோய் இனங்காணப்பட்டு, கோப்பையைப் பிடிக்கவும் கை நடுங்கிய மனிதருடைய கை, சந்தையிலே நடுங்காத கையாக விலைபோயிற்று. ஷெபீல்ட் நகரத்தார் எழுபது வாசல்களைத் தட்டியே எழுபது பெயரைப் பெறவேண்டி இருந்தது.

இதற்கு மாறானது கலப்புச் சண்டை. யூ.எப்.சி. என்னும் தனியொரு நிறுவனம் வீரர்களைத் தன் ஒப்பந்தத்துள் வைத்திருக்கின்றது. எலெக்ற்ரோனிக் ஆர்ட்ஸ் குத்துச்சண்டையைக் கைவிட்டு 2014இல் அதன் பெயரால் விளையாட்டு வெளியிட்டதன் காரணம் இந்த வசதியே. வசதி எவருக்கு? 2008 நவம்பரில் ஜோன் பிற்ச் என்ற முன்னணி வீரர், வீடியோ விளையாட்டுக்காகத் தமது உருவத்தை ஆயுள் முழுதும் எழுதிக்கொடுக்க மறுத்தார். உடனே நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இணங்கினார், மீளச் சேர்க்கப்பட்டார். மேடையில் அஞ்சாதவனும் ஓர் ஒப்பந்தத் தாளின் முன் குனிய வேண்டியதாயிற்று. அந்நிறுவனம் வீரரின் ஊதியத்தை அடக்கி வைத்தது என்று தொடுத்த வழக்கொன்று, முப்பத்தேழு கோடியே ஐம்பது இலட்சம் டொலர் கொடுத்து 2025 பெப்ருவரியில் முடித்துவைக்கப்பட்டது.

குத்துச்சண்டை வீரனுக்கு வாசல் பல இருந்தமை குழப்பம்தான். ஆனால் அந்தக் குழப்பத்தினுள்ளே அவனுக்கு ஒரு சுதந்திரமும் இருந்தது. என் பெயருக்கு விலை இவ்வளவு என்று அவன் சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். ஏற்பாட்டாளரும் முகாமையாளரும் ஒருவராய் இருத்தலாகாது, வரவு செலவு வீரனுக்குத் தெரிதல் வேண்டும் என்ற காப்புக்களோடு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. அதற்கு அலியின் பெயரையே இட்டனர். 2025 மார்ச்சில் யூ.எப்.சி.யின் தாய் நிறுவனம், சவூதி அரேபியத் துணையுடன் குத்துச்சண்டைக்கும் ஒரு புதிய அமைப்பைத் தொடங்குவதாக அறிவித்தது. யூலையில் அமெரிக்கக் காங்கிரசிலே ஒரு மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. ஏற்பாடும் பட்டமும் தரவரிசையும் ஒரே அமைப்பின் கையில் இருக்க அது வழிசெய்யும். அதற்கும் அலியின் பெயரே! ஒரு மனிதனுடைய பெயரால் ஒரு காப்பு. அதே பெயரால் அக்காப்பினுக்கு ஒரு விலக்கு.

இந்த மசோதா சட்டமானால் விளையாட்டுக் கொம்பனிகளுக்கு மகிழ்ச்சி. ஒரு வாசல், ஒரு கையொப்பம், நூற்றுக்கணக்கான முகங்கள். ஆடுபவனுக்கும் மகிழ்ச்சியே; தன் மனம் விரும்பிய வீரன் பட்டியலில் இல்லை என்ற குறை நீங்கும். என் மாணாக்கனும் அவ்வாறே சொன்னான். முகத்துக்கு உரியவன் மாத்திரம் பேரம் பேசும் வலிமையை இழப்பான்.

இனி மறுபக்கத்தைக் காண்போம். இதுவரை விளையாட்டு மேடையிடம் இரந்து நின்றது. அண்மைக் காலத்தில் மேடை விளையாட்டிடம் இரக்கத் தொடங்கியிருக்கின்றது. கே.எஸ்.ஐ. என்ற பெயரால் அறியப்படும் இங்கிலாந்து இளைஞர், உதைபந்தாட்ட வீடியோ விளையாட்டைத் தாம் ஆடுவதையும் அதற்குத் தாம் சொல்லும் வேடிக்கை வருணனையையும் யூரியூப்பிற் காட்டிப் புகழ்பெற்றவர். அவரும் அமெரிக்கரான லோகன் போலும் 2018இற் பொருதனர். 2019 நவம்பர் 9இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மீண்டும் பொருதபோது அது முறையான தொழில்முறைப் போர். இருவர்க்கும் அதுவே தொழில்முறையில் முதற்போர். அன்றிரவு அந்தப் போருக்கு முன் துணைப்போராக நடந்தவற்றுள் இரண்டு, உலகப் பட்டப் போர்கள்! டெவின் ஹேனி, பில்லி ஜோ சோண்டர்ஸ் ஆகிய பட்டதாரிகள் இரு கத்துக்குட்டிகளுக்குக் கட்டியம் கூறி முன்னே சென்றனர். வித்துவான்கள் இருவர் பாடி முடித்த பின், பிரதான கச்சேரிக்குப் பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்தது போல.

2024 நவம்பர் 15இல் லோகனின் தம்பி ஜேக் போல் 58 வயதான ரைசனோடு பொருதார். போலுக்கு வயது 27. சுற்றுக்கு இரண்டு நிமிடமாக எட்டுச் சுற்று. உலகமெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாக ஒளிபரப்பிய நெற்பிளிக்ஸ் நிறுவனம் கூறிற்று. பார்த்த இளைஞரிற் பலர் ரைசனின் மெய்யான ஆட்டத்தைக் கண்டறியாதவர். பழைய படச்சுருளிலும் விளையாட்டுத் திரையிலுமே அவரைக் கண்டவர். 90 வினாடியில் வீழ்த்தும் அந்த உருவத்தை எதிர்பார்த்து அமர்ந்தனர். வந்தவர் முழங்காலுக்குக் கட்டுப்போட்ட முதியவர். போல் புள்ளியால் வென்றார். அடுத்த ஆண்டு டிசெம்பரில் மியாமி நகரில் அதே போல், முன்னாள் உலகப் பட்டதாரியும் தம்மினும் பருத்தவருமான அந்தனி ஜோசுவாவை எதிர்த்தார். ஆறாம் சுற்றில் வீழ்ந்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. தொழில் கற்றவன் கை எது, கல்லாதவன் தாடை எது என்பது அன்று தெளிவாயிற்று.

2025 மே 2ஆம் நாள் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தின் நடுத்தெருவிலே மேடை போட்டார்கள். பொதுமக்களுக்குச் சீட்டு இல்லை; அழைக்கப்பட்டோரே வந்திருந்தனர். அந்த நிகழ்ச்சியின் பெயரோ, எட்டு நாளுக்கு முன் வெளிவந்த ஒரு யப்பானிய வீடியோ விளையாட்டின் பெயர். அவ்விளையாட்டைச் செய்த எஸ்.என்.கே. என்ற கொம்பனியின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் சவூதி அரேபிய முடிக்குரிய இளவரசரின் அறநிலையத்துக்கு உரியவை. நிகழ்ச்சியை நடத்தியவர் அந்நாட்டின் கேளிக்கைத் துறைத் தலைவர் துர்க்கி அல்-ஷேக். நூறாண்டு கண்ட 'த றிங்' என்ற குத்துச்சண்டைச் சஞ்சிகையையும் 2024இல் அவரே வாங்கிவிட்டார். 'அன்டிஸ்பியூற்றட்' விளையாட்டில் உள்ள வீரர் பலர் அவருடைய மேடைகளில் ஏறியவர்கள். 2025 செப்டெம்பர் 29இல் மற்றோர் அறிவிப்பு: எலெக்ற்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனியை, சவூதி அரசின் முதலீட்டு நிதியம் வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து ஐயாயிரத்து ஐந்நூறு கோடி டொலருக்கு வாங்கப்போகின்றது. மேடை, சஞ்சிகை, விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே திசையிலுள்ள பணப்பைகளை நோக்கி நகர்கின்றன. மேடைக் குத்து விளையாட்டுக்கு விளம்பரம். விளையாட்டுக் குத்து மேடைக்கு விளம்பரம்.

அந்த ரைம்ஸ் சதுக்க இரவில் ஒரு நகைப்பும் உண்டு. திரையிலே தீப்பொறி பறக்கக் குத்தும் விளையாட்டின் பெயரைச் சுமந்த அந்த மேடையில் வீரர்கள் குத்தவே தயங்கினர். றயன் கார்சியா றோலி றொமேரோவிடம் தோற்ற போரும், ஹேனியின் போரும், பன்னிரண்டு சுற்றுப் போர்களுள் மிகக் குறைந்த குத்துக்கள் வீசப்பட்டவற்றுள் வைத்து எண்ணத்தக்கன என்று கணக்கு வெளிவந்தது. விளம்பரத்துக்கு வந்த மனிதர் மனிதராகவே இருந்துவிட்டனர்.

'கணக்கு' என்றேன். அதுவும் ஓர் அதிசயம். 1985இலிருந்து 'கொம்பியூபொக்ஸ்' என்ற முறை வழக்கில் உள்ளது. மேடை ஓரத்தில் இருவர் அமர்வர். ஒருவருக்கு ஒரு வீரன். நேர்க்குத்துப் பட்டது, படவில்லை. வலுக்குத்துப் பட்டது, படவில்லை. இந்த நான்கு விசைகளை மாறி மாறி அமுக்குவதே அவர்கள் தொழில். வீடியோ விளையாட்டுப் பிள்ளை விசையை அமுக்கிக் குத்தை உண்டாக்குகின்றான். இவர்கள் குத்தைக் கண்டு விசையை அமுக்குகின்றனர். அந்த நிறுவனமும் 'அன்டிஸ்பியூற்றட்' விளையாட்டோடு கைகோத்திருக்கின்றது. மெய்க்குத்து எண்ணாகி, எண் மீண்டும் பொய்க்குத்தாகும் வட்டம் இவ்வாறு நிறைவெய்துகின்றது.

ஆயின் எண்ணாகாதது ஒன்று உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் எட்டனுள், வெற்றியினாற் பெருமிதமும் உவகையும், தோல்வியினால் வெகுளியும் இந்த விளையாட்டிலே நிரம்பக் கிடைக்கின்றன. முகம் வீங்குகின்றது, புருவம் கிழிகின்றது, குருதியும் தெறிக்கின்றது. அவ்வளவும் நுணுக்கமாகச் செய்திருக்கின்றனர். அழுகை மாத்திரம் இல்லை. அழுகைக்கு இழவு வேண்டும். திரையில் இழவு இல்லை. மணி அடித்த பின் அந்த உருவம் எங்கும் போவதில்லை. மெய்யான மேடையிலோ, மணி அடித்த பின்னர்தான் கதை தொடங்குகின்றது.

2025 ஓகஸ்ட் 2ஆம் நாள் ரோக்கியோவின் கொரக்குவென் மண்டபத்திலே ஒரே நிகழ்ச்சியில் இரு வெவ்வேறு போர்கள். ஒன்றில் ஷிகெதோஷி கொத்தாரி பன்னிரண்டு சுற்றும் நின்று பொருதார். வெற்றி தோல்வியின்றிப் போர் முடிந்தது. மற்றொன்றில் ஹிரோமாசா உரகாவா எட்டாம் சுற்றில் தோற்றார். இருவர்க்கும் வயது 28. இருவர்க்கும் மண்டையோட்டினுள் இரத்தக் கசிவு. இருவர்க்கும் சத்திர சிகிச்சை. கொத்தாரி 8ஆம் நாள் இறந்தார். உரகாவா 9ஆம் நாள் இறந்தார். கீழைத்தேயப் பட்டப் போர்கள் பன்னிரண்டு சுற்றிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டன. 1982இல் கொரிய வீரர் டக்-கூ கிம் இறந்த பின் உலகப் பட்டப் போர் பதினைந்திலிருந்து பன்னிரண்டாயிற்று. ஒவ்வோர் உயிருக்கும் ஓரிரு சுற்று.

தடை செய்க என்று நான் சொல்லவில்லை. விளையாட்டைத் தடுத்தால் மேடையில் உயிர் மீளப் போவதில்லை; விரலால் ஆடும் பிள்ளை எவருடைய மண்டையையும் உடைக்கவில்லை. மேடையில் ஏறத் துடிக்கும் பிள்ளையினும் அவன் பாதுகாப்பாகவே இருக்கின்றான். என் கவலை வேறு. அந்தப் பிள்ளை கொடுக்கும் பணத்தில், முகத்தைக் கொடுத்தவனுக்கு எவ்வளவு போகின்றது? அவன் மூளை கலங்கிய பின் அவனைப் பராமரிப்பவர் யார்? ஒரு வாசல் வைக்க விரும்புவோர் அந்த வாசலுக்குள் ஒரு மருத்துவ நிதியும் வைப்பார்களா? மசோதாவை ஆதரிப்போர், வீரருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மருத்துவக் காப்புறுதியும் அதில் உள என்கின்றனர். இருக்கட்டும்; அவை நல்லனவே. ஆனால் ஊதியம் மேடைக்கு உரியது. திரைக்கு உரிய உரிமை யாரிடம் இருக்கும் என்பதை வீரர் தாமே கேட்டுத் தெளிதல் வேண்டும். ஜோன் பிற்ச் கேட்டார். பெற்ற விடையை மேலே கண்டோம்.

சென்ற கிழமை வகுப்பு முடிந்த பின் அந்த மாணாக்கனிடம் யப்பானிய வீரர் இருவரின் செய்தியைச் சொன்னேன். ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தான். பெயர்களைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டான். எழுதிக் கொடுத்தேன். மறுநாட் காலையில் வகுப்புக்கு முன்பே வந்து என் மேசையருகே நின்றான்.

"ஐயா, இரவு அந்தப் பட்டியலை மேலிருந்து கீழை வரைக்கும் தேடிப் பார்த்தன். இரண்டு பேரும் அதிலை இல்லை."